ஈ.ஐ. எடுத்துக்கொண்டு சொந்தமாகச் சின்ன வேலை செய்யலாமா? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் சம்பள வேலை போனவர்களில் பலர் சும்மா இருப்பதில்லை. மாலையில் ஊபர் ஈட்ஸ் ஓடுவார்கள், சனி ஞாயிறில் பிறந்தநாள் விழாவுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பார்கள், திருமண வீட்டில் படம் எடுப்பார்கள். வேலையிழப்புக் காப்புறுதி, அதாவது ஈ.ஐ., எடுக்கும்போது இதெல்லாம் செய்யலாமா என்று நாலு பேரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "ஒரு சதம் உழைத்தாலும் நிறுத்திப்போடுவார்கள்" என்பது ஒன்று. "கைக்காசாக வாங்கினால் யாருக்குத் தெரியும்" என்பது மற்றது. இரண்டுமே பிழை. முதலாவதை நம்பியவர் கிடைக்க வேண்டிய பணத்தை இழக்கிறார். இரண்டாவதை நம்பியவர் சில வருடங்கள் கழித்து ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டுகிறார்.

சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் ஈ.ஐ.யை நடத்தும் அரசாங்கச் சேவையான சர்விஸ் கனடா உங்களைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கும். நீங்கள் உண்மையில் வேலையில்லாதவரா, அல்லது சொந்தத் தொழில் நடத்துபவரா என்பது முதல் கேள்வி. வேலையில்லாதவர்தான் என்றால், உழைத்த காசுக்காக எவ்வளவு வெட்டுவது என்பது இரண்டாவது. எல்லோரும் இரண்டாவதைப் பற்றியே கதைக்கிறார்கள். பெரிய நட்டம் வருவது முதலாவதில்தான். அதனால் இந்தக் கட்டுரையிலும் முதலாவதுக்கே அதிக இடம்.

விண்ணப்பிக்கும் முன்

ஈ.ஐ. கிடைக்க, கடந்த 52 கிழமைகளுக்குள் 420 முதல் 700 மணித்தியாலம் வரை, சம்பளத்தில் ஈ.ஐ. கட்டணம் வெட்டப்படும் வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் வட்டாரத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறும். வேலையின்மை 6 வீதமோ அதற்குக் குறைவோ என்றால் 700 தேவை. வேலை தானாகவே போயிருக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் நீங்களே விட்டுவிட்டு வந்தால் வழமையான கொடுப்பனவு இல்லை.

சுயதொழில் மணித்தியாலம் இந்தக் கணக்கில் சேராது. ஒரு வருடம் முழுக்க டெலிவரி ஓடினாலும் அதில் ஒரு மணிகூட ஈ.ஐ.க்கு உதவாது. சுயதொழில் செய்பவர்கள் விரும்பிப் பதிவுசெய்து கட்டணம் கட்டக்கூடிய ஒரு திட்டம் இருக்கிறது. அது மகப்பேறு, நோய், பராமரிப்பு போன்ற விசேட கொடுப்பனவுகளுக்கு மட்டுமே. தொழில் படுத்துவிட்டது என்று அதில் பணம் கேட்க முடியாது.

புதிதாக வந்தவர்களுக்கு நடக்கும் இன்னொரு அநியாயம் உண்டு. முதலாளி சொன்ன நேரத்துக்குப் போய், முதலாளியின் கருவிகளைப் பாவித்து, அவர் சொன்னபடி வேலை செய்திருப்பீர்கள். சம்பளம் கொடுக்கும்போது மட்டும் "நீ கொன்ட்ராக்டர்" என்று சொல்லி எதையும் வெட்டாமல் காசோலை தருவார். இப்படிப்பட்டவர் சட்டப்படி ஊழியராக இருக்கக்கூடும். கனடா வருவாய் முகவரகத்திடம், அதாவது சி.ஆர்.ஏ.யிடம், ஊழியரா சுயதொழிலாளரா என்று தீர்ப்புக் கேட்கலாம். கட்டணம் இல்லை. வேலை செய்த வருடத்துக்கு அடுத்த வருடம் ஜூன் 30-க்கு முன் (அதாவது ஜூன் 29-க்குள்) கேட்க வேண்டும். ஊழியர் என்று தீர்ப்பு வந்தால் அந்த மணித்தியாலங்கள் ஈ.ஐ. கணக்கில் சேரும்.

கொடுப்பனவு, காப்புறுதிக்குரிய சராசரி வாரச் சம்பளத்தில் 55 வீதம். உச்ச வரம்பு, கோரிக்கை 2025-இல் தொடங்கியிருந்தால் கிழமைக்கு 695 டொலர், 2026-இல் தொடங்கினால் 729 டொலர். 14 முதல் 45 கிழமை வரை கிடைக்கலாம்.

விண்ணப்பம்

வேலை நின்ற நாளிலிருந்து நான்கு கிழமைக்குள் சர்விஸ் கனடா இணையத்தளத்தில் விண்ணப்பிக்கவும். பிந்தினால் பிந்திய கிழமைகளின் பணம் போய்விடலாம். முதலாளி அனுப்பும் ஆர்.ஓ.ஈ. பத்திரம் (வேலை செய்த மணித்தியாலத்தையும் சம்பளத்தையும் காட்டும் பதிவு) வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான முதலாளிகள் அதை நேரடியாக மின்வழியில் அனுப்புகிறார்கள். தேவையானவை: சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), கடந்த 52 கிழமைகளில் வேலை செய்த எல்லா இடங்களின் பெயர், முகவரி, தொடங்கிய முடிந்த திகதிகள், வங்கிக் கணக்கு விபரம்.

விண்ணப்பத்தில் சுயதொழில் பற்றிக் கேட்பார்கள். மாதம் 100 டொலர் வருகிற தொழிலாக இருந்தாலும் "ஆம்" என்றே போடுங்கள். தொடர்ந்து சில கேள்விகள் வரும், அல்லது அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். என்ன தொழில், எப்போது தொடங்கினீர்கள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு பணம் போட்டீர்கள், நல்ல வேலை வந்தால் போவீர்களா என்று கேட்பார்கள். பதிலைக் கீழே சொல்லும் ஆறு விடயங்களை மனதில் வைத்து முதலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்த பதற்றத்தில் "நாள் முழுக்க இதைத்தான் செய்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பிறகு அந்த ஒரு வசனத்தாலேயே கொடுப்பனவை இழந்தவர்கள் உண்டு. பொய் சொல்லச் சொல்லவில்லை. மணித்தியாலத்தைச் சரியாக எண்ணிச் சொல்லுங்கள்.

விண்ணப்பித்தபின் தபாலில் ஒரு கடிதம் வரும். அதில் நான்கு இலக்க இரகசியக் குறியீடு இருக்கும். வேலை செய்தீர்களா, எவ்வளவு உழைத்தீர்கள் என்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை றிப்போர்ட் போட அது தேவை. அதை மருமகனிடமோ, வரி நிரப்பித் தரும் அண்ணரிடமோ கொடுத்து "நீங்களே போட்டு விடுங்கோ" என்று விடாதீர்கள். அவர் பிழையாகப் போட்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

வழமையாக முதல் ஒரு கிழமை காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் இல்லை. 2025-இல் அரசாங்கம் தற்காலிகமாக இதை நீக்கியது போன்ற மாற்றங்கள் இடைக்கிடை வரும். விண்ணப்பிக்கும் நேரத்து விதியைப் பார்க்கவும்.

முதல் கேள்வி: நீங்கள் வேலையில்லாதவரா?

ஈ.ஐ. ஒழுங்குவிதிகளின் 30-ஆம் பிரிவு கடுமையாகவே தொடங்குகிறது. சுயதொழில் செய்பவர் ஒவ்வொரு கிழமையும் முழுநேரம் வேலை செய்ததாகவே கருதப்படுவார். முழுநேர வேலைக் கிழமைக்குக் கொடுப்பனவு கிடையாது, எவ்வளவு உழைத்தீர்கள் என்பது பொருட்டல்ல. கடை திறந்து முதல் மூன்று மாதமும் நட்டம், ஒரு சதமும் வரவில்லை என்று காட்டினாலும் விடை அதேதான்.

விலக்கு ஒன்று உண்டு. யாரும் தன் பிரதான பிழைப்பாக நம்பியிருக்க முடியாத அளவுக்குச் சிறிய தொழில் என்றால் நீங்கள் வேலையில்லாதவர்தான். அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அதிகாரி ஆறு விடயங்களைப் பார்ப்பார்.

*நேரம்.* கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? வாடிக்கையாளரிடம் இருந்த நேரம் மட்டுமல்ல, சாமான் வாங்கப் போனது, விளம்பரம் போட்டது, கணக்கு எழுதியது எல்லாம் சேரும். சட்டத்தில் இத்தனை மணி என்று ஒரு கோடு இல்லை. ஆனால் பகலில் திங்கள் முதல் வெள்ளி வரை 25, 30 மணித்தியாலம் போகிறது என்றால் "சின்ன வேலை" என்று வாதாடுவது மிகவும் கடினம்.

*போட்ட முதல்.* சொந்தக் காரில் டெலிவரி ஓடுவதும், வீட்டு மேசையில் படிப்பிப்பதும் ஒரு வகை. 40,000 டொலர் கடன் எடுத்து உணவு வண்டி வாங்கியதும், இரண்டு வருடக் குத்தகைக்குக் கடை எடுத்ததும் வேறு வகை. இவ்வளவு பணம் போட்டவர் அதை விட்டுவிட்டுச் சம்பள வேலைக்குப் போவார் என்று யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள்.

*இலாப நட்டம்.* தொழில் உங்களைத் தாங்கும் அளவுக்கு வருமானம் தருகிறதா என்பது.

*தொடர்ச்சி.* சம்பள வேலையோடு சேர்த்து நெடுநாளாகச் செய்துவந்த பக்க வேலையா, அல்லது வேலை போன அடுத்த கிழமை புதிதாகத் தொடங்கியதா? முதலாவது உங்களுக்குப் பெரிய பலம். 40 மணித்தியாலத் தொழிற்சாலை வேலையோடு கிழமைக்கு 8 மணித்தியாலம் கேக் செய்து விற்றிருந்தீர்கள், இப்போதும் அதே 8 மணித்தியாலம்தான் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், அது வாழ்வாதாரத் தொழில் இல்லை என்பதை அந்த எண்களே சொல்லும். வேலை போனபின் 8 மணி 30 மணியாகியிருந்தால் இந்த வாதம் சரிந்துவிடும்.

*தொழிலின் தன்மை.* முந்திய சம்பள வேலையையே இப்போது சொந்தமாகச் செய்கிறீர்களா? கணக்காளர் நிறுவனத்தில் வேலை போனவர் தன் பெயரில் கணக்காளர் அலுவலகம் திறந்தால், புதிய தொழிலுக்கு மாறிவிட்டார் என்றுதான் எண்ணத் தோன்றும்.

*வேலை தேடும் எண்ணமும், வந்தால் உடனே ஏற்கும் மனமும்.* எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதுதான் இதற்கு ஆதாரம்.

இந்த ஆறில் நேரமும், வேலையை ஏற்கும் மனமும் மற்றவற்றைவிட முக்கியமானவை என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் சக்தியை இந்த இரண்டிலும் செலவழியுங்கள். ஒரு கொப்பியில் நாளுக்கு நாள் எழுதுங்கள்: திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன வேலை. இன்னொன்றில் வேலை தேடியதை எழுதுங்கள்: திகதி, நிறுவனம், எந்தப் பதவி, எப்படி விண்ணப்பித்தீர்கள், என்ன பதில். மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். வேலை தேடிய பதிவுகளை ஆறு வருடம் வைத்திருக்கும்படி சர்விஸ் கனடா சொல்கிறது.

இந்தக் கேள்வியில் தோற்றால் ஒரு கிழமைப் பணம் மட்டும் போகாது. தொழில் தொடங்கிய நாளிலிருந்து எல்லாக் கிழமைகளும் தகுதியற்றவை என்று பின்னோக்கித் தீர்மானிக்கலாம். அப்போது வாங்கியது முழுவதும் மேலதிகக் கொடுப்பனவாகி, திருப்பிக் கேட்கப்படும்.

முழுநேரமாகத் தொழில் தொடங்குவதுதான் உங்கள் விருப்பம் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேர்க்பிசி (WorkBC) என்ற மாகாண வேலைவாய்ப்புச் சேவை மூலம் நடப்பதைப் போல, சில மாகாணங்களில் சுயதொழில் உதவித் திட்டங்கள் உண்டு. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டு முறையாகப் பரிந்துரைக்கப்பட்டவர் ஈ.ஐ. எடுத்துக்கொண்டே தொழிலைக் கட்டியெழுப்பலாம். அனுமதி முதலில், தொழில் பிறகு. தொடங்கிவிட்டுப் போய்க் கேட்டால் பெரும்பாலும் கதவு பூட்டித்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு வெட்டுவார்கள்?

இங்கே கணக்கு நேரானது. உழைத்த ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் கொடுப்பனவில் வெட்டப்படும். இது, கொடுப்பனவைக் கணக்கிடப் பாவித்த வாரச் சம்பளத்தின் 90 வீதம் வரைதான். அதற்கு மேல் உழைத்தால், மேலதிகமான ஒவ்வொரு டொலருக்கும் ஒரு டொலர் முழுதாக வெட்டப்படும்.

வாரச் சம்பளம் 1,000 டொலராக இருந்தவருக்குக் கொடுப்பனவு 550. அவருடைய 90 வீத எல்லை 900. ஒரு கிழமை 300 டொலர் உழைத்தால் 150 வெட்டப்பட்டு 400 கிடைக்கும். கையில் மொத்தம் 700. அதாவது வேலை செய்யாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் 550-ஐவிட 150 அதிகம். அவரே 1,000 டொலர் உழைத்தால், முதல் 900-க்கு 450, மேல் 100-க்கு 100, மொத்தம் 550 வெட்டப்படும். அந்தக் கிழமை ஈ.ஐ. இல்லை.

சுயதொழிலில் "உழைத்தது" என்பது வாடிக்கையாளர் தந்த மொத்தத் தொகை அல்ல. அதிலிருந்து இயக்கச் செலவைக் கழித்தபின் மிஞ்சுவது. இதைத் தெரியாமல் மொத்த வரவையே எழுதித் தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்பவர்கள் ஏராளம். டெலிவரியில் அந்தக் கிழமை 420 டொலர் வந்தது என்று வையுங்கள். டெலிவரிக்கு ஓடிய தூரத்துக்கான பெற்றோல் 60, தொலைபேசிக் கட்டணத்தில் தொழிலுக்குரிய பங்கு 10. மிஞ்சுவது 350. 420-க்கு வெட்டு 210, 350-க்கு 175. ஒரு கிழமையில் 35 டொலர் வித்தியாசம்.

கழிக்கக்கூடியவை: சமையலுக்கு வாங்கிய அரிசி, இறைச்சி, பெட்டிகள், தொழிலுக்கு ஓடிய கிலோமீற்றர் விகிதப்படி பெற்றோல், கார் காப்புறுதி, பழுதுபார்ப்பு, செயலி எடுக்கும் கழிவு, விளம்பரம். கழிக்க முடியாதது முதலீட்டுச் செலவு. 1,800 டொலருக்கு வாங்கிய அவன் அடுப்பு (oven), கமெரா, கார் ஆகியவற்றின் விலையை இந்தக் கணக்கில் கழிக்க விடமாட்டார்கள். வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்து ஒரே பற்றுச்சீட்டில் சாமான் வாங்காதீர்கள். தமிழ்க் கடையில் இரண்டு தடவையாக பில் போட்டு வாங்குவது இரண்டு நிமிட வேலை, பிறகு ஒரு நாள் தலையிடியைத் தவிர்க்கும். செலவு வரவைவிடக் கூடிவிட்டால் வருமானம் பூச்சியம். ஆனாலும் வேலை செய்ததை றிப்போர்ட்டில் சொல்ல வேண்டும்.

எந்தக் கிழமையில் எழுதுவது?

ஈ.ஐ. கிழமை ஞாயிறு தொடங்கிச் சனி முடிகிறது. சேவைக்கான வருமானத்தை வேலை செய்த கிழமையில் எழுத வேண்டும், காசு கைக்கு வந்த கிழமையில் அல்ல. இதில்தான் மிக அதிகமான பிழைகள் நடக்கின்றன.

திருமணப் படப்பிடிப்புக்கு மே மாதத்தில் முற்பணம் வாங்கி, ஜூனில் படம் எடுத்து, ஜூலையில் மீதி வாங்கினால், முழு வருமானமும் ஜூனில் வேலை செய்த கிழமைகளுக்கு உரியது. படம் திருத்த அடுத்த இரண்டு கிழமை உட்கார்ந்திருந்தால் அந்தக் கிழமைகளுக்கும் அதைப் பங்கிட வேண்டும். சனிக்கிழமை சமைத்து ஞாயிற்றுக்கிழமை பரிமாறிய விருந்து இரண்டு வேறு ஈ.ஐ. கிழமைகளில் விழுகிறது. பொருள் விற்பனை சற்று வேறு. இணையத்தில் சேலை விற்பது போன்ற சிறு விற்பனைகளில், விற்ற கிழமையில் எழுதுவதே வழமை.

வாடிக்கையாளர் இன்னும் காசு தரவில்லை என்பதற்காக எழுதாமல் விட முடியாது. பேசிய தொகையை எழுதுங்கள். பிறகு அவர் குறைத்துத் தந்தாலோ தராமலே விட்டாலோ திருத்திக்கொள்ளலாம்.

றிப்போர்ட் போடும் முறை

இரண்டாவது சனிக்கிழமை கழிந்ததும் இணையத்தில் போடலாம், அல்லது 1-800-531-7555 இலக்கத்துக்கு அழைத்தும் போடலாம். பிந்திப் போட்டால் பணமும் பிந்தும். மூன்று கிழமைக்கு மேல் விட்டால் கோரிக்கையே உறைந்துபோகலாம். கேட்கப்படும் முக்கிய கேள்விகளும் அவற்றில் வழுக்கும் இடங்களும் இவை.

வேலை செய்தீர்களா, வருமானம் வந்ததா என்பது முதலில் வரும். சுயதொழிலும், பின்னர் பணம் வரப்போகும் வேலையும், சம்பளமில்லாத வேலையும் இதில் அடங்கும். மச்சானின் கடையில் சும்மா நின்று உதவியதும் இந்தக் கேள்விக்குள் வரும் என்பது பலருக்குத் தெரியாது. "ஆம்" என்று போட்டு மணித்தியாலத்தையும், செலவு கழித்த தொகையையும் கிழமைவாரியாகத் தனித்தனியே கொடுங்கள். இரண்டு கிழமையையும் கூட்டிப் பாதியாகப் பிரிக்க வேண்டாம். சில நேரம் திரையில் அதிகாரியுடன் கதைக்கும்படி வரும். அப்படி வந்தால் 1-800-206-7218-க்கு அழைத்துச் சொல்லுங்கள். அந்தச் செய்தி தண்டனை அல்ல.

திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குத் தயாராகவும் இயலுமானவராகவும் இருந்தீர்களா என்பது அடுத்தது. பக்க வேலை இருந்தாலும், சம்பள வேலை அழைத்தால் உடனே போயிருப்பீர்கள் என்றால் "ஆம்". ஒப்புக்கொண்ட கேட்டரிங் வேலைக்காக நேர்காணலைத் தட்டிவிட்டிருந்தால் அந்த நாளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா என்பது எங்களவர்கள் அதிகம் மாட்டும் கேள்வி. பொதுவாக நாட்டுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்கு வழமையான கொடுப்பனவு இல்லை. நெருங்கிய உறவினரின் மரணச் சடங்கு, கடும் நோய், வேலை நேர்காணல் போன்ற சில காரணங்களுக்கு 7 நாள் வரையும், வேலை தேடிப் போவதற்கு 14 நாள் வரையும் விலக்கு உண்டு. யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கலியாணத்துக்குப் போய், அங்கிருந்து தொலைபேசியில் "உள்ளே இருந்தேன்" என்று றிப்போர்ட் போடுவது நேரான பொய்க்கூற்று. எல்லைச் சேவை முகவரகத்தின் பயணப் பதிவுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

சில தொழில்களுக்கு மட்டும்

சொந்தக் கம்பனி பதிந்து வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். ஒரு கம்பனியின் வாக்குரிமைப் பங்குகளில் 40 வீதத்துக்கு மேல் உங்கள் கையில் இருந்தால், அதில் நீங்கள் எடுக்கும் சம்பளம் ஈ.ஐ.க்கு உட்படாது. நீங்களும் சுயதொழிலாளராகவே கணிக்கப்படுவீர்கள். "நான் கம்பனியின் ஊழியர்தானே" என்ற வாதம் நிற்காது. மனைவி பெயரில் இருக்கும் தொழிலில் நாள் முழுக்க நீங்கள் நின்றால், பெயர் யாருடையது என்பதைவிட யார் நடத்துகிறார் என்பதையே பார்ப்பார்கள்.

ஒரே முதலாளிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்ட வேலை அனுமதியில் இருப்பவர் சுயதொழில் செய்யவே கூடாது. அது ஈ.ஐ. விடயத்தைத் தாண்டி, குடிவரவு நிலையையே பாதிக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், பிறகு என்ன நடக்கும்

முதலாளிகள் அனுப்பும் ஆர்.ஓ.ஈ., சம்பள விபரங்கள், வரிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் சர்விஸ் கனடா ஒப்பிடுகிறது. 2024 முதல் டெலிவரி, சவாரி, தங்குமிடச் செயலிகள் தங்கள் மூலம் உழைத்தவர்களின் வருமானத்தைச் சி.ஆர்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. முதல் அறிக்கைகள் 2025 ஜனவரி 31-க்குள் போக வேண்டியிருந்தது. மின்பரிமாற்றத்தில் வாங்கிய காசு வங்கிக் கூற்றில் இருக்கிறது.

பழைய கோரிக்கைகளை 36 மாதம் வரை திரும்பத் திறக்கலாம். பொய்யான கூற்று என்று கருதினால் 72 மாதம் வரை. தெரிந்தே மறைத்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு, அதைப்போல் மூன்று மடங்கு வரை தண்டப்பணம் வரலாம். இதைவிட நீண்ட காலம் வருத்துவது "மீறல்" என்ற பதிவு. அது இருந்தால் அடுத்த ஐந்து வருடத்தில் ஈ.ஐ.க்குத் தேவையான மணித்தியாலம் கூடும். 700 தேவைப்பட்டவருக்குச் சிறிய மீறலுக்கே 875 தேவை; திரும்பவும் செய்தவருக்கு 1,400.

பிழை விட்டதைப் பின்னர் கண்டுபிடித்தால், அவர்கள் விசாரிக்கத் தொடங்கும் முன் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். தானாக முன்வந்து உண்மையைச் சொன்னவர்களுக்குத் தண்டப்பணம் விதிப்பதில்லை என்பது சர்விஸ் கனடாவின் நடைமுறை. அதிகமாக வாங்கியதை மட்டும் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம். கடனை வசூலிப்பது சி.ஆர்.ஏ.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் அதில் உள்ள திகதிக்குள் பதில் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் கையில் உள்ள தகவலை வைத்தே முடிவெடுப்பார்கள், அது உங்களுக்குப் பாதகமாகவே முடியும். முடிவு பிழை என்று நினைத்தால், அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம். அதிலும் தோற்றால் அடுத்த 30 நாளுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தின் பொதுப் பிரிவுக்குப் போகலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தீர்ப்பாயத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே கேளுங்கள், செலவு அவர்களுடையது. "சின்ன வேலைதான்" என்று வாய்ச்சொல்லாக எழுதாமல், மேலே சொன்ன ஆறு விடயத்துக்கும் ஒவ்வொரு பந்தியும் அதற்கான ஆதாரமும் இணையுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூகச் சட்ட உதவி நிலையங்களில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

வரி நேரம்

ஈ.ஐ. பணம் வரிக்கு உட்பட்டது. பெப்ரவரி அளவில் ரி4ஈ என்ற பத்திரம் வரும். கொடுப்பனவிலிருந்து வெட்டும் வரி பெரும்பாலும் போதாது, அதுவும் வருட முற்பகுதியில் நல்ல சம்பளம் எடுத்தவருக்கு. கூடுதலாக வெட்டும்படி கேட்கலாம். பக்க வேலை வருமானத்தில் நாலில் ஒரு பங்கையாவது தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பது நல்லது.

சுயதொழில் வரவு செலவு ரி2125 படிவத்தில் போகும். தேறிய வருமானம் 3,500 டொலரைத் தாண்டினால் ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி பங்கையும் ஊழியர் பங்கையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். இந்தக் கட்டணம் பலரை ஏப்ரலில் திடுக்கிட வைக்கிறது. நான்கு தொடர் காலாண்டுகளில் மொத்த வரவு 30,000 டொலரைத் தாண்டாதவரை விற்பனை வரிக்குப் பதிய வேண்டியதில்லை. ஆனால் ஆட்களை ஏற்றும் ஊபர் சவாரிக்கு முதல் டொலரிலிருந்தே பதிவு கட்டாயம்.

வருட வருமானம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் வழமையான கொடுப்பனவில் ஒரு பகுதியை வரியோடு திருப்பிக் கேட்பார்கள். 2025-க்கு அந்த எல்லை 82,125 டொலர். கடந்த பத்து வருடத்தில் வழமையான ஈ.ஐ. எடுக்காதவருக்கு இது பொருந்தாது, ஆகவே புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் தப்பிவிடுவார்கள்.

ரி2125-இல் போடும் தொகைகளை ஈ.ஐ. றிப்போர்ட்டில் போட்ட கிழமைத் தொகைகளோடு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வரிக் கணக்கில் அவன் அடுப்பின் தேய்மானம் போன்றவற்றைக் கழிக்கலாம் என்பதால் இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக வராது. வித்தியாசம் எதனால் என்று ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். சுயதொழில் செய்பவர் வரிப் படிவம் அனுப்பக் கடைசித் திகதி ஜூன் 15. கட்ட வேண்டிய பணத்துக்கு மட்டும் ஏப்ரல் 30-க்குப் பிறகு வட்டி ஓடத் தொடங்கிவிடும்.